பெரியப்பாவின் காசுப் பெட்டி: மும்பை ஏலத்துக்கு அனுப்பலாமா?

பாளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா வாசிக்கேன், எழுதுறது இப்பதான். எங்க பெரியப்பா போன தை மாசம் தவறிட்டாங்க. ரயில்வேயில வேலை பாத்தவங்க, கல்யாணம் பண்ணிக்கிடல. சமாதானபுரத்து வீட்டைக் காலி பண்ணும்போது பரண்ல ரெண்டு தகரப்பெட்டி இருந்துச்சு. உள்ள முழுக்கக் காசு. சும்மா கொட்டி வைக்கல. ஒவ்வொண்ணும் ஒரு சின்னக் காக்கிக் கவர்ல, கவர் மேல ஒரு நம்பர். அந்த நம்பருக்கு நேரா ஒரு நீளக் கணக்கு நோட்டுல என்ன காசு, எந்த ஊர்ல, யார்கிட்ட, என்ன விலைக்கு வாங்குனதுன்னு அவங்க கைப்பட எழுதியிருக்காங்க.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் வெள்ளி ரூபாய் நிறைய. "திருவிதாங்கூர் சக்கரம்"னு எழுதின கவர் ஒரு கட்டு. டச்சுக் கம்பெனி முத்திரை போட்ட செப்புக்காசு. நட்சத்திரப் பகோடாங்கிற பழைய தங்கக் காசு ரெண்டு. அப்புறம் பச்சை பூத்த சதுரச் செப்புக் காசுகள், அதுக்கு நேரா "கொற்கை", "மாறமங்கலம்", "அக்கசாலை"ன்னு ஊர் பேரு. எல்லாம் எழுபதுகள்ல வாங்குனது.

டவுன்ல ஒரு நகைக்கடையில கேட்டோம். வெள்ளியை எடைக்கு எடுத்துக்கிடுதோம், செம்பு எங்களுக்கு ஆகாதுன்னுட்டாங்க. மும்பையில இருந்து ஒரு ஏலக்காரர் போன்ல பேசினாரு, "மொத்தத்தையும் ஒரே லாட்டா அனுப்புங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"ங்காரு. அத்தை ரெண்டு பேரும் வித்துப் பங்கு வச்சிரலாம்னு சொல்றாங்க. நான் என்ன செய்யணும்?

வெள்ளி ரூபாய்:
தாயி, மொதல்ல ஒண்ணு சொல்லுதேன். ஒரு காசையும் தேச்சிராதிய. புளியும் சாம்பலும் போட்டு வெளக்குனா பளபளன்னு இருக்கும்னு வீட்டுல யாராவது சொல்லுவாக. கேக்காதிய. மேலப்பாளையத்துல ஒருத்தர் அப்படி வெளக்கிக் கொண்டுவந்த விக்டோரியா ரூபாயைப் பாத்தேன். ராணி முடியில ஒரு இழைகூடத் தெரியல, காசுல இருந்த வருசமும் பாதி அழிஞ்சு போயிட்டு. நல்ல நிலையில இருந்தா ஏலத்துல சண்டை போட்டு வாங்குற காசு, அன்னைக்கு வெறும் வெள்ளி எடைக்குத்தான் போச்சு.

ரெண்டாவது, அந்த நோட்டும் காசும் பிரியக்கூடாது. இப்பவே ஒவ்வொரு கவரையும் காசோட சேத்து ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. நோட்டோட பக்கம் பக்கமா போட்டோ எடுத்து, ஒரு பிரதி வெளியூர்ல இருக்கிற ஒருத்தர் கையில குடுத்துருங்க.

"ஒரே லாட்" விசயத்துக்கு வாரேன். ஏலத்துல லாட்டுங்கிறது ஒரு ஏலக்கூவலுக்கு ஒரு பொருள், இல்ல ஒரு கட்டு. நூறு காசு ஒரே லாட்டுன்னா கேட்டலாக்குல ஒரு போட்டோ, ரெண்டு வரி. யாரு வாங்குவா? பிரிச்சு விக்கத் தெரிஞ்ச வியாபாரி வாங்குவாரு. அவரு மறுநாளே நோட்டைத் தூக்கிப் போட்டுட்டுக் காசைத் தனித்தனியா விப்பாரு. உங்க பெரியப்பா ஆயுசு முழுக்க எழுதுன எழுத்துக்கு அங்கன ஒரு பைசா மதிப்பு கிடையாது.

வள்ளியூரான்:
இடையில கேக்கேன், மன்னிக்கணும். என்கிட்ட வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாயும், 786 நம்பர் நோட்டும் இருக்கு. பத்து லட்சம் தாரேன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்பச் சொல்றாங்க. இதையும் ஏலத்துல போடலாமா?

வெள்ளி ரூபாய்:
தம்பி, அந்தக் கட்டணத்தை அனுப்பிராதிய. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே அறிவிப்பு விட்டுருக்கு: எங்க பேரையும் சின்னத்தையும் போட்டு, பழைய காசு நோட்டு வாங்குறோம்னு கமிஷன், வரி கேட்டா நம்பாதீங்க, அப்படி வசூல் பண்ண நாங்க யாருக்கும் அதிகாரம் குடுக்கலன்னு. நெசமான ஏலக்காரன் உங்ககிட்ட முன்பணம் கேக்கமாட்டான், வித்த பொறவு தன் கமிஷனைக் கழிச்சுக்கிடுவான். வைஷ்ணவி தேவி காசு கோடிக்கணக்குல அடிச்சது. இன்னைக்கும் கடையில செல்லும், அஞ்சு ரூபாய்க்குத்தான் செல்லும்.

செங்கோட்டைக்காரன்:
சக்கரம்னு படிச்சதும் எழுத வந்துட்டேன். எங்க செங்கோட்டை முந்தி திருவிதாங்கூரோட, பொறவு திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்துட்டு, 1956 நவம்பர் 1லதான் அன்னைய திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது. அதனால இங்க பழைய வீடுகள்ல சக்கரம் கிடைக்காத வீடு கொஞ்சம்தான். மிளகை நசுக்குன மாதிரி குட்டி வெள்ளிக் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். விரல்ல எடுத்து எண்ணி மாளாதுன்னு குழி குழியா வெட்டுன பலகை வச்சிருந்தாங்க. சக்கரத்தைப் பலகை மேல கொட்டி ஒரு ஆட்டு ஆட்டினா குழிக்கு ஒண்ணா உக்காந்துக்கும், மிச்சத்தைத் தள்ளிவிட்டா எண்ணிக்கை சரியா இருக்கும். எங்க ஆச்சி வீட்டுல தேக்குல செஞ்ச பலகை ஒண்ணு இன்னும் இருக்கு, ஓரத்துக் குழியெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிட்டு.

விலைன்னு பாத்தா சக்கரம் பெருசா போகாது. நிறையக் கிடைக்குது. ஆனா பலகையோட சேத்து வந்தா கேக்கிறவங்க உண்டு. பெட்டியில பலகை இருக்கான்னு பாருங்க தங்கச்சி.

பாளைக்காரி:
பலகை இல்லண்ணே. வெள்ளி ரூபாயில எது விலை போகும்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?

வெள்ளி ரூபாய்:
வருசத்தைப் பாருங்க. 1911ன்னு இருந்தா தனியா எடுத்து வைங்க. அஞ்சாம் ஜார்ஜ் பட்டம் ஏறின வருசம் அடிச்சது. ராஜா போட்டிருக்கிற அங்கியில ஒரு யானை உருவம் உண்டு. தும்பிக்கையும் காலும் குட்டையா அமைஞ்சு போனதால ஜனங்க பன்னின்னு எடுத்துக்கிட்டாங்க, எதிர்ப்பு கிளம்பிட்டு. 90 லட்சத்துக்கு மேல அடிச்சதுல ஏழு லட்சம் போலத்தான் வெளிய போச்சு, மிச்சத்தை உருக்கிட்டான். 1912ல யானையைத் திருத்திட்டாங்க. "பன்னி ரூபாய்"னு கேட்டா எல்லா வியாபாரிக்கும் தெரியும்.

1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதைவிட அருமை. நல்ல வெள்ளியில அடிச்ச கடைசி வருசம் அது. அதுவரைக்கும் ரூபாய் 11.66 கிராம், பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி. 1940ல இருந்து பாதிதான் வெள்ளி. அதனாலேயே 1939ல போலி எக்கச்சக்கம், வேற வருசத்து ரூபாயில நம்பரைச் செதுக்கி மாத்துவானுவ. 1939 இருந்தா தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டாம சந்தோசப்படாதிய. மிச்ச விக்டோரியா, எட்வர்டெல்லாம் தேஞ்சதா இருந்தா வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான்.

நட்சத்திரப் பகோடா 3.4 கிராம் இருக்கணும். ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் பொடி மணிமணியான பரப்புல நடுவுல நட்சத்திரம். நகைக்கடையில உரைகல்லுல உரச விட்டுறாதிய!

முத்துநகர்:
டச்சுக் காசு பத்தி ஒரு வரி. 1658ல போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடிச்சான். அதனால கம்பெனி முத்திரை போட்ட செப்புக்காசு எங்க பக்கம் வீட்டுக்கு வீடு கிடைக்கும். பாதுகாத்து வைங்க, விலை எதிர்பாக்காதீங்க.

கொற்கைக் கரை:
நான் ஏரல் பக்கம். எல்லாரும் வெள்ளியையும் தங்கத்தையும் பேசுறீங்க. அந்தப் பெட்டியில விலை மதிக்க முடியாதது சதுரச் செப்புக் காசுதான். யானை, குதிரை, கோட்டுருவ மீன் போட்ட சங்ககாலப் பாண்டியர் காசா இருந்தா, அதுவும் கொற்கையில, அக்கசாலையில கிடைச்சதுன்னு எழுத்தோட இருந்தா, அது இந்த மண்ணோட ஆவணம். தாமிரபரணி ஆறு கடல்ல சேர்ற இடத்துல இருந்த கொற்கைத் துறைமுகம் இன்னைக்குக் கடலை விட்டு உள்ள தள்ளி ஒரு சின்னக் கிராமமா கிடக்கு. முத்துக் குளிச்ச ஊருக்கு மிச்சம் இருக்கிறது மண்ணுக்குள்ள கிடைக்கிற இந்தச் சில்லறைதான். அதையும் மும்பைக்கு அனுப்பி, யாரோ ஒரு பணக்காரன் லாக்கர்ல வைக்கணுமா? ஏலத்துக்கே விடாதீங்கம்மா. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் உங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம். ரெட்டியார்பட்டியில பொருநை அருங்காட்சியகம் இருக்கு. குடுத்துருங்க.

முத்துநகர்:
அண்ணாச்சி, உங்க கோபம் புரியுது. ஆனா சேகரிப்பாளரையும் ஏலத்தையும் ஒரே தட்டுல வச்சுத் திட்டாதீங்க. பெருவழுதி காசு எப்படி வெளிய வந்தது? ஒரு பக்கம் குதிரை, மேல தமிழ்ப் பிராமிங்கிற பழைய எழுத்துல "பெருவழுதி"ன்னு பேரு, மறுபக்கம் மீன். சங்கப் பாடல்ல இருக்கிற பாண்டியர் பேரு காசுல இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னது 'தினமலர்' ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. எண்பதுகள்ல, காசு வியாபாரிகிட்ட வாங்குன காசுல இருந்துதான் அதைக் கண்டுபிடிச்சாரு. அவரு காசு குடுத்து வாங்காம இருந்திருந்தா அது பாத்திரக்காரன் உலைக்குப் போயிருக்கும். பெரியப்பா மாதிரி ஆளுங்க அஞ்சு பத்து குடுத்து வாங்குனதாலதான் ஆத்துல அரிக்கிறவன் அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தான்.

கொற்கைக் கரை:
வாங்குனதைக் குத்தம் சொல்லல தம்பி. பெரியப்பா நோட்டுல ஊர் பேரு எழுதுன மனுசன், அவருக்குக் கும்பிடு. நான் சொல்றது இனி நடக்கப்போறதை. வியாபாரி கைக்குப் போனா "பாண்டியர், செம்பு, சதுரம்"னு மட்டும்தான் மிஞ்சும். மாறமங்கலம்ங்கிற பேரு போயிரும். எந்த ஊர்ல கிடைச்சதுன்னு தெரியாத காசு பாதி செத்த காசு.

நாணயவியல் மாணவி:
வணக்கம். நான் இந்தத் துறையில் படிக்கிறேன், சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அடுத்தது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு வயதுக்கு மேற்பட்ட நாணயம் எதுவும் தொல்பொருள். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. சிலை, ஓவியம் போல நாணயத்தைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. உள்நாட்டில் விற்கலாம், ஆனால் தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. இணையத்தில் வெளிநாட்டு ஏலத் தளங்களைப் பார்த்துவிட்டு அங்கே கூரியரில் அனுப்பலாம் என்று யாரும் ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். மும்பை, அகமதாபாத், பெங்களூரு ஏலங்களின் கேட்டலாக்கிலேயே எவை தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகாதவை என்று குறித்திருப்பார்கள்.

அக்கா, உங்கள் பெரியப்பா வியாபாரியிடம் வாங்கியதாக எழுதியிருந்தால் அது வேறு, தோண்டி எடுத்தவரிடம் நேரடியாக வாங்கியதாக எழுதியிருந்தால் புதையல் சட்டக் கேள்வி எழலாம். விற்பதற்கு முன் நோட்டின் அந்தப் பக்கங்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பயந்து நோட்டைக் கிழித்து எறிந்துவிட்டுக் காசை மட்டும் விற்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உண்மை நிகழ்ச்சி. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. ஒரு பக்கம் புரூட்டஸின் முகம், மறுபக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலையைக் குறிக்கும் தொப்பி. காசு அசல்தான். ஆனால் அது யார் யார் கைமாறி வந்தது என்று காட்டிய சான்றுகள் பொய் என்று தெரியவந்தது. நியூயார்க்கில் வழக்காகி, 2023 மார்ச்சில் அந்தக் காசை கிரீஸ் நாட்டிடம் ஒப்படைத்தார்கள். பெரியப்பாவின் நோட்டு போல ஒன்று நேர்மையாக இருந்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கும்.

பாளைக்காரி:
இவ்வளவு விசயம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. நோட்டுல கொற்கைக் காசுக்கு நேரா "சந்தை வியாபாரி"ன்னு சில இடத்துல, "ஆத்துல எடுத்த பையன்"னு சில இடத்துல இருக்கு. அத்தைமாருக்கு நான் என்ன சொல்ல? பெரிய அத்தை வீட்டுல கஷ்டம்தான். மொத்தமும் அருங்காட்சியகத்துக்குன்னா அவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

வெள்ளி ரூபாய்:
மொத்தமும்னு யாரு சொன்னா தாயி? டென்மார்க்குல ஒரு வெண்ணெய் வியாபாரி, எல். ஈ. புரூன்னு பேரு. காசுப் பித்து. முதல் உலகப்போர்ல ஊரு ஊரா அழிஞ்சதைப் பாத்துட்டு உயில்ல எழுதுனாரு: நூறு வருசத்துக்கு என் காசுகளை விக்கக்கூடாது, நாட்டோட தேசியச் சேகரிப்புக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு மாத்தா இது நிக்கணும்னு. 1923ல செத்தாரு. நூறு வருசம் முடிஞ்சு, 2024 செப்டம்பர்ல கோபன்ஹேகன்ல முதல் ஏலம் நடந்துச்சு. மொத்தம் 20,000 காசு போல, பல வருசம் நடக்கிற ஏலம். முதல் ஏலத்துலேயே ஒரு கோடியே 48 லட்சம் யூரோ.

நான் சொல்லவந்தது பணத்தை இல்ல. ஏலத்துக்கு முந்தியே டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்துக்கு முதல் உரிமை. அவுக வந்து பாத்து, தங்ககிட்ட இல்லாத ஏழு காசை எடுத்துக்கிட்டாக. அதுக்குப் பொறவுதான் மிச்சம் மேடைக்கு வந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல, வாரிசுக்கும் பணம் வந்துச்சு. நம்ம பெட்டிக்கும் அதே வரிசைதான் சரி. மொதல்ல அருங்காட்சியகத்துக்காரங்க பாக்கட்டும். பொறவு ஏலம்.

நாணயவியல் மாணவி:
அண்ணாச்சி டென்மார்க்கைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலிச் சீமையின் காசுகளைப் பற்றி 1888இல் சென்னையில் ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர் லோவந்தால் என்ற டேனிஷ் மிஷன் பாதிரியார். நம் ஊர்க் காசுகளைப் பற்றி அச்சில் தனியாக வந்த தொடக்க கால எழுத்துகளில் அது ஒன்று. வெளியூர்க்காரர் ஒருவர் செம்புச் சில்லறையைப் பொறுக்கிப் படம் போட்டு அச்சிட்டார். உங்கள் பெரியப்பா அதே வேலையைத் தகரப்பெட்டியில் செய்திருக்கிறார். கொற்கைப் பக்கங்களை மட்டுமாவது படத்தோடு ஒரு கட்டுரையாக வெளியிட அனுமதித்தால், எடை, அளவு எல்லாம் எடுத்து எழுத நானும் என் தோழிகளும் வருகிறோம். காசு பிறகு எங்கே போனாலும் செய்தி நிலைக்கும்.

கொற்கைக் கரை:
இது நல்ல யோசனை. நானும் அன்னைக்கு வாரேன். அக்கசாலைக் கோயில் பக்கம் எந்த மேடு, எந்த ஊருணின்னு நோட்டுல இருந்தா என்னால இடம் காட்ட முடியும். சதுரக் காசு மேல வெளிர்பச்சையா பவுடர் மாதிரி உதிருதான்னு பாருங்கம்மா. கடல் காத்து உப்பால வர்ற நோய் அது, பக்கத்துக் காசுக்கும் பரவலாம். அப்படி இருந்தா அதை மட்டும் தனியா வைங்க. கெட்டியான கரும்பச்சைன்னா பயம் இல்ல, அதைச் சுரண்டவே கூடாது.

செங்கோட்டைக்காரன்:
வாரிசு விசயத்தை யாரும் சொல்லல. பெரியப்பாவுக்கு மனைவி மக்களும் தாய் தகப்பனும் இல்லன்னா உடன்பிறந்தவங்க எல்லாருக்கும் உரிமை வரும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தைமார் ரெண்டு பேரும் உங்க அப்பாவும் கையெழுத்துப் போட்ட ஒரு சம்மதக் கடிதம் எழுதி வச்சுக்கிட்ட பொறவு பெட்டியை எடுங்க. எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு எழுதாம போய் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாம கிடக்கு.

முத்துநகர்:
வரியும் உண்டு. தொல்பொருள் சேகரிப்பை வித்தா அது சொந்த உபயோகப் பொருள்னு விலக்கு கிடைக்காது, மூலதன ஆதாயம்தான். பெரியப்பா எழுபதுகள்ல வாங்குனதால 2001 ஏப்ரல் 1 அன்னைக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கிடலாம். ஆடிட்டர்கிட்ட நோட்டைக் காட்டுங்க, அங்கேயும் அந்த நோட்டுதான் சாட்சி.

பாளைக்காரி:
நேத்து ராத்திரி அப்பா, ரெண்டு அத்தைமார் எல்லாரும் உக்காந்து பேசினோம். இந்த இழையை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். பெரிய அத்தைதான் மொதல்ல சொன்னாங்க, "கொற்கைக் காசு அண்ணன் பேர்ல இந்த ஊர்லயே இருக்கட்டும்"னு. அதனால சதுரக் காசெல்லாம், நோட்டோட நகலும் சேத்து, வக்கீலைப் பாத்துட்டு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேக்கப் போறோம். பன்னி ரூபாய் ரெண்டு இருக்கு! 1939 இல்ல. அந்த ரெண்டும், பகோடாவும், நல்லா இருக்கிற வெள்ளியும் ஏலத்துக்கு. தேஞ்ச ரூபாயை எங்க தலைமுறைப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. மாணவித் தங்கச்சி, எப்ப வர்றீங்கன்னு சொல்லுங்க, மதியச் சாப்பாடு நம்ம வீட்டுல.

ஏலக்காரர் ஒப்பந்தம் அனுப்பியிருக்காரு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும் அண்ணாச்சி?

வெள்ளி ரூபாய்:
நல்ல முடிவு தாயி. ஒப்பந்தத்துல நாலு இடத்தை விரல் வச்சு வாசிங்க.

விற்பவர் கமிஷன் எவ்வளவுன்னு பாருங்க. ஏலக்காரருக்கு ஏலக்காரர் மாறும், பேசுனா குறையும். கூவல்ல லட்ச ரூபாய்க்குச் சுத்தியல் விழுந்து, பத்து சதம் கமிஷன்னா உங்க கைக்குத் தொண்ணூறாயிரம். வாங்குறவர் அதுக்கு மேல தனியா கமிஷனும் ஜிஎஸ்டியும் கட்டுவாரு, அது உங்க கணக்குல வராது. ஆனா அவரு அதை மனசுல கழிச்சுட்டுத்தான் விலை கேப்பாரு.

அடுத்தது, இதுக்குக் கீழ விக்கக்கூடாதுங்கிற விலை. பகோடாவுக்கும் பன்னி ரூபாய்க்கும் அதை எண்ணுல எழுதச் சொல்லுங்க. ரொம்ப ஏத்தி வச்சிராதிய, விக்காம திரும்பி வந்த காசை அடுத்த ஏலத்துல ஜனங்க சந்தேகமா பாப்பாக. விக்காததைத் திருப்பி அனுப்புற செலவு யாரு தலையிலன்னும் கேளுங்க.

பணம் எத்தனை நாள்லன்னு தேதியா இருக்கணும். "வாங்கியவர் செலுத்திய பின்"னு மட்டும் இருந்தா ஒத்துக்கிடாதிய.

கடைசியா, தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சுத் தர்றோம்னு சொல்லுவாக. ஒண்ணுல இருந்து எழுபது வரைக்கும் மார்க் போடுற முறை. பன்னி ரூபாய் ரெண்டும் நல்லா இருந்தா அதுக்குச் செலவழிக்கலாம், மத்ததுக்கு வேண்டாம், கட்டணமே காசோட விலையைத் தின்னுரும்.

காசை ஒப்படைக்கும்போது ஒவ்வொண்ணோட எடையும் போட்டோவும் போட்டு ரசீது வாங்குங்க, "வெள்ளி நாணயங்கள் ஒரு கட்டு"ன்னு எழுதுன ரசீதைத் தொடாதிய. கேட்டலாக் அச்சுக்குப் போகுமுன்ன உங்களுக்கு ஒரு பார்வைக்கு அனுப்பணும்னும் எழுதிக்கிடுங்க. ஒவ்வொரு லாட்டுக்கும் கீழ பெரியப்பா பேரும் நோட்டு நம்பரும் வரணும். அதை அவுக போட மறுத்தா அகமதாபாத்துலயும் பெங்களூருலயும் ஏலக்காரங்க இருக்காங்க, நான் நம்பர் தாரேன்.